பூனைக்குப் பத்தியம் கிடையாது

ஈரலில் கோளாறு என்று கேள்விப்பட்டதும் எங்கள் மலையகத்து வீடுகளில் அடுத்து எழும் பேச்சு பத்தியத்தைப் பற்றியதாகவே இருக்கும். செங்கண்மாரி கண்ட பிள்ளைக்கு எண்ணெய் ஆகாது, மீன் ஆகாது, முட்டை ஆகாது. அரிசிக் கஞ்சியும் கீழ்காய்நெல்லிச் சாறும் இளநீரும் போதும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு இல்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்குள்தான் எங்கள் பூனை செம்பியின் இரத்தப் பரிசோதனை அறிக்கை வந்து சேர்ந்தது. ஈரலைக் காட்டும் எண்கள் கூடியிருக்கின்றன என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "இனிமே அதுக்கு நெத்தலி குடுக்காத, கஞ்சித் தண்ணி ஊத்து" என்றார் அம்மா. எங்கள் எல்லோரையும் நோயிலிருந்து தேற்றியெடுத்த கை அவருடையது. அந்தச் சொல்லில் இருந்த அக்கறையை நான் நன்றாக அறிவேன். ஆனாலும் மனிதருக்காக ஏற்பட்ட அந்தப் பத்தியம் பூனையின் உடலுக்கு நேர் விரோதமானது என்பதையும், அதை அப்படியே கடைப்பிடித்தால் சிறு கோளாறு உயிராபத்தாக மாறிவிடும் என்பதையும் பின்வந்த வாரங்களில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். பூனை வளர்க்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செம்பி நோயாளியாகத் தெரிந்ததால் நாங்கள் வைத்தியரிடம் போகவில்லை. வாயில் துர்நாற்றம் இருந்தது. உண்ணும்போது தலையைச் சாய்த்து ஒரு பக்கக் கடைவாயால் மட்டும் மென்றாள். ஹட்டனில் நாங்கள் வழமையாகக் காட்டும் மிருக வைத்தியர், பல் பிடுங்க வேண்டியிருக்கும் என்றும், மயக்க மருந்தை ஈரலும் சிறுநீரகமும் தாங்குமா என்பதை முன்கூட்டியே இரத்தத்தில் பார்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். ஒன்பது வயதுப் பூனைக்கு அது அவசியமான முன்னெச்சரிக்கை. முன்னங்காலில் கொஞ்சம் மயிரை மழித்து இரத்தம் எடுத்தார்கள். செம்பி ஒரு முறை உறுமியதோடு சரி.

கையில் கிடைத்த அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. இடப்பக்கத்தில் சோதித்த பொருளின் பெயர், நடுவில் செம்பியின் அளவு, வலப்பக்கத்தில் ஆரோக்கியமான பூனைக்குரிய எல்லை. ஏஎல்டி என்ற வரியில் 286 என்று அச்சாகி, அதனருகே தடித்த எழுத்தில் 'எச்' என்றிருந்தது; எல்லைக்கு மேல் என்பதற்கான ஆங்கிலக் குறி அது. எதிரே அந்த ஆய்வுகூடத்தின் மேலெல்லையாக 130. அதற்குக் கீழே ஏஎல்பி எல்லையைச் சற்றே தாண்டியிருந்தது. பித்தத்தின் மஞ்சள் நிறமியான பிலிருபின், இரத்தப் புரதமான அல்புமின், குளுக்கோசு ஆகியவை உரிய இடத்தில் இருந்தன. ஆனால் பயந்த மனத்துக்கு உரிய இடத்தில் இருக்கும் எண்கள் தெரிவதே இல்லை. தடித்த எழுத்து மட்டுமே தெரிகிறது.

அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்பதை டொக்டர் பொறுமையாக விளக்கினார். ஏஎல்டி என்பது ஈரல் கலங்களுக்குள்ளே இருந்து வேலை செய்யும் ஒரு நொதியம். கலங்கள் காயப்படும்போது அது வெளியே கசிந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே அந்த எண் கூடினால் எங்கோ கலங்கள் காயப்படுகின்றன என்று அறியலாமே தவிர, ஈரலின் வேலைத்திறன் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை அதிலிருந்து அறிய முடியாது. வேலைத்திறனைச் சொல்பவை வேறு: ஈரல் உண்டாக்கும் அல்புமின், குளுக்கோசு, யூரியா, கொலஸ்திரோல் ஆகியவற்றின் அளவு, இரத்தம் உறையும் வேகம், வெறும் வயிற்றிலும் உணவுக்குச் சுமார் 2 மணிநேரத்துக்குப் பின்னரும் எடுத்துப் பார்க்கும் பித்த அமிலங்கள். செம்பியின் அறிக்கையில் கசிவு தெரிந்தது, செயலிழப்பு தெரியவில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

ஏஎல்பி என்பதும் ஒரு நொதியம்தான். அதன் விடயத்தில் பூனை நாயைப் போன்றதல்ல. நாயின் இரத்தத்தில் கலந்த ஏஎல்பி பாதியாகக் குறைய ஏறத்தாழ 3 நாட்கள் ஆகும். பூனையிலோ சுமார் 6 மணிநேரத்தில் பாதி கரைந்துபோகும். ஸ்டீரொயிட் மருந்து கொடுத்தாலே நாய்க்கு அது பல மடங்கு ஏறும். பூனைக்கு அப்படி ஏறுவதில்லை. எனவே நாயின் அறிக்கையில் பொருட்படுத்தத் தேவையில்லாத சிறு கூடுதல்கூட, பூனையின் அறிக்கையில் பித்த ஓட்டத்தில் ஏதோ தடை இருக்கலாம் என்று கவனிக்கத்தக்கதாகிறது. நாய் வளர்க்கும் நண்பர் ஒருவர், தமது நாய்க்கு இதைவிடக் கூடுதலாக வந்து ஒன்றும் ஆகவில்லை என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலை நான் நன்றியுடன் கேட்டுக்கொண்டேன், ஆனால் அதைக் கொண்டு முடிவெடுக்கவில்லை.

மறுபுறத்தில், எல்லை தாண்டிய எண் எல்லாம் நோயும் அல்ல. ஆய்வுகூடங்கள் அந்த எல்லைகளை வகுக்கும்போது ஆரோக்கியமான பூனைகளில் 95 சதவீதமானவை அதற்குள் அடங்கும்படி வகுக்கின்றன. அதாவது சோதிக்கும் ஒவ்வொரு பொருளிலும், எந்தக் குறையும் இல்லாத பூனைகளில் இருபதில் ஒன்று எல்லைக்கு வெளியே நிற்கும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் எல்லை சற்று மாறும். மலையகத்து நகரங்களில் எடுக்கும் இரத்தம் பல வேளைகளில் கொழும்புக்குப் போய்த்தான் சோதிக்கப்படுகிறது. வழியில் செங்கலங்கள் உடைந்துவிட்டால் சில அளவுகள் பொய்யாகக் காட்டக்கூடும். இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு டொக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவள் சாப்பிடுகிறாளா? சாப்பிடுகிறாள் என்றேன். அப்படியானால் சில வாரம் பொறுத்து அதே ஆய்வுகூடத்தில் மறுபடியும் பார்ப்போம், ஆனால் ஒரு முழு நாள் உணவைத் தொடாவிட்டால் வாரக்கணக்குப் பார்க்காமல் உடனே கொண்டுவர வேண்டும் என்றார்.

அந்தக் கேள்விக்குள் இருக்கும் காரணம்தான் நான் சொல்ல வந்த விடயத்தின் உயிர்நாடி. பூனை சில நாட்கள் உண்ணாமல் கிடந்தால், குறிப்பாகக் கொழுத்த பூனை கிடந்தால், உடல் தன் கையிருப்புக் கொழுப்பை உருக்கி ஈரலுக்கு அனுப்பத் தொடங்குகிறது. நாயும் மனிதரும் இதை ஓரளவு சமாளித்துவிடுவார்கள். பூனையின் ஈரலால் வந்துசேரும் கொழுப்பை அதே வேகத்தில் எரிக்கவோ வெளியே அனுப்பவோ முடிவதில்லை. தேயிலைக் கொழுந்து வரத்து மிஞ்சிய நாளில் வாட்டும் தட்டுகளெல்லாம் நிறைந்து தொழிற்சாலை திணறுவதைப் போல, ஈரற்கலங்கள் கொழுப்பால் நிறைந்து வீங்கி, பித்தம் ஓட வழியின்றித் தேங்குகிறது. கண்ணும் காதும் மஞ்சளாகின்றன, குமட்டல் உண்டாகிறது, குமட்டலால் பூனை மேலும் உண்ண மறுக்கிறது, உண்ணாததால் மேலும் கொழுப்பு வந்து சேர்கிறது. பல்வலியாக இருக்கலாம், வீடு மாறிய ஏக்கமாக இருக்கலாம், திருவிழாவில் போட்ட வெடிச்சத்தத்துக்கு மிரண்டு கட்டிலுக்கடியில் ஒடுங்கியதாக இருக்கலாம். தொடக்கக் காரணம் எதுவாயினும் பட்டினி நீண்டால் அதுவே தனி நோயாகிவிடுகிறது.

இதற்கான முதன்மையான மருந்து உணவுதான் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. மயக்கம் கொடுத்துக் கழுத்தின் பக்கவாட்டில் சிறு துளையிட்டு, உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாயொன்றைச் செருகி, அதன் வழியே வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், அரைத்த உணவை ஊட்டுகிறார்கள். தொடக்கத்தில் முழு அளவைக் கொடுப்பதில்லை. பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேற்றும் பொட்டாசியமும் சரிந்துவிடும் என்பதால் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். இவ்வாறு விடாமல் ஊட்டப்பட்ட பூனைகளில் பெரும்பாலானவை பிழைத்துவிடுகின்றன. ஊட்டப்படாதவை பிழைப்பது அரிது. வீட்டில் நாமே சிரிஞ்சியால் வாயைத் திறந்து திணிப்பதை டொக்டர் விரும்பவில்லை. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் ஆபத்து ஒருபுறம். குமட்டும் நேரத்தில் திணித்த உணவைப் பூனை பிறகு வாழ்நாள் முழுதும் வெறுத்துவிடக்கூடும் என்பது மறுபுறம்.

கஞ்சியைப் பற்றியும் கேட்டேன். பூனை முற்றாக ஊனுண்ணி. அதன் ஈரல், உணவு வந்தாலும் வராவிட்டாலும் புரதத்தை உடைத்துக்கொண்டே இருக்கும்படி அமைந்தது. அப்போது உண்டாகும் அமோனியாவை யூரியாவாக மாற்ற ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேண்டும், அதைப் பூனையின் உடலால் போதிய அளவு தானே உண்டாக்கிக்கொள்ள முடியாது. 1978ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான மொரிஸும் ரொஜர்ஸும், ஆர்ஜினின் இல்லாத ஒரேயொரு வேளை உணவே பூனைக்குச் சில மணிநேரத்தில் அமோனியா நஞ்சேற்றத்தை உண்டாக்கும் என்று காட்டினார்கள். ஆர்ஜினினும், அதைப் போலவே பூனை உணவிலிருந்து பெறவேண்டிய டோரின் என்ற சத்தும் நிறைந்திருப்பது மீனிலும் இறைச்சியிலும். ஈரல் நோய் முற்றி, அமோனியா மூளையைத் தாக்கி, வாயில் எச்சில் ஒழுக, பூனை தடுமாறும் நிலையில் மட்டுமே புரதத்தைக் குறைப்பார்கள். அதுவும் வைத்தியர் அளவிட்டுச் சொல்லித்தான். இதை அம்மாவிடம் எடுத்துச் சொன்னபோது அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப நமக்கு ஆகாதது எல்லாம் அதுக்கு மருந்தா?" என்று கேட்டார். அன்று மாலையே உப்புப் போகக் கழுவி அவித்த நெத்தலியை முள் நசுங்கப் பிசைந்து செம்பியின் தட்டில் வைத்தவரும் அவரே.

காத்திருந்த வாரங்களில் என் பதற்றத்துக்கு நான் ஒரு வேலை கொடுத்தேன். சந்தியிலுள்ள மரக்கறிக் கடை அண்ணனிடம் மின்தராசு இருக்கிறது. வாரத்துக்கொரு தடவை, கடை வெறிச்சோடும் மதிய வேளையில், செம்பியைப் பிரம்புக் கூடையில் வைத்து எடுத்துச்சென்று நிறுப்பேன். முதலில் வெறும் கூடையை வைத்துத் தராசைப் பூச்சியமாக்கி, பிறகு கூடையோடு அவளை வைத்தால் 4.6 கிலோ காட்டும். கூடையின் இடுக்கு வழியாக ஒரு பாதத்தை வெளியே நீட்டி, தராசுத் தட்டில் ஒட்டியிருந்த லீக்ஸ் தழையைத் தொட்டுப் பார்ப்பாள். நூறு கிராம் நமக்கு ஒன்றுமில்லை. நாலரைக் கிலோ உயிருக்கு அது பெரிய இழப்பு. பூனையின் மெலிவை மயிர் மறைத்துவிடும், கண் ஏமாறும், தராசு ஏமாறாது. தட்டில் எவ்வளவு வைத்தேன், எவ்வளவு மிஞ்சியது, வாந்தி உண்டா, மலம் எந்த நிறம் என்பவற்றையும் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் குறித்துவந்தேன்.

மஞ்சள் ஏறுகிறதா என்று பார்ப்பதைப் பகல் வெளிச்சத்தில்தான் செய்ய வேண்டும். எங்கள் ஊரில் மாரிக் காலத்து மூடுபனிக்குள் நாள் முழுதும் மின்குமிழ் எரிவதால், அந்த ஒளியில் எல்லாமே மஞ்சளாகத் தெரியும். சன்னலோரம் கொண்டுபோய், காதின் உட்புறத்து மயிரற்ற தோலையும், மேலுதட்டைத் தூக்கி ஈறையும், வாய் திறக்கும் கணத்தில் அண்ணத்தையும் பார்ப்பேன். செம்பி கறுப்பும் செம்பட்டையும் வெள்ளையும் கலந்தவள். அவளுடைய ஈறில் கரும்புள்ளிகள் உண்டு. ஆகவே அண்ணத்தின் வரிமடிப்புகளே எனக்கு நம்பகமான இடமாக இருந்தன. ஆனால் பிலிருபின் டெசிலீற்றருக்குச் சுமார் 2 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே கண்ணுக்கு மஞ்சள் தெரியும் என்பதால், மஞ்சள் தெரியவில்லை என்பதை வைத்து மட்டும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

இந்த இடைக்காலத்தில் அன்போடு வந்த மருந்துகள் பல. கீழ்காய்நெல்லியைப் பறித்துக்கொண்டு வந்தார்கள். மனிதர் குடிக்கும் ஈரல் டொனிக் போத்தலொன்றும் வந்தது. எதையும் நான் கொடுக்கவில்லை. நாம் பல மருந்துகளைக் கழிக்கப் பயன்படுத்தும் குளுகுரோனைட் வழி பூனையின் ஈரலில் மிகப் பலவீனமானது. நமக்குச் சாதுவான பொருள் அதற்கு நஞ்சாகலாம். இதில் மிகக் கொடியது பனடோல். தோட்டத்து டிஸ்பென்சரியிலும் ஒவ்வொரு வீட்டு அலுமாரியிலும் இருக்கும் அந்த 500 மில்லிகிராம் பரசிற்றமோல் குளிசை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. ஈறு நீலமும் கபிலமுமாக மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு திணறும். காய்ச்சலாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டு அரைக் குளிசை கரைத்துக் கொடுப்பவர்கள் இங்கே இருக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள், கொடுப்பவரைக் கண்டால் தடுத்துவிடுங்கள். தேயிலை மலைக்குக் களைநாசினி தெளித்த அன்று பூனையை வீட்டுக்குள் வைத்திருப்பதும் நல்லது. அது தன் பாதத்தை நக்கித்தான் சுத்தம் செய்யும்.

இரண்டாவது பரிசோதனையிலும் ஏஎல்டி இறங்கவில்லை. வயதான பூனைகளில் தைரொயிட் மிகையாகச் சுரந்தாலும் ஏஎல்டி கூடும் என்பதால் அதையும் சோதித்தார்கள், சரியாக இருந்தது. இனி ஈரலை ஸ்கேன் செய்து பார்ப்பதே முறை என்று டொக்டர் சொல்லவே, பேராதனைப் பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலைக்குப் போனோம். கினிகத்தேனை வளைவுகளில் செம்பிக்கு எச்சில் ஒழுகியது. நாவலப்பிட்டியைத் தாண்டி வெயில் வந்ததும் உறங்கிவிட்டாள். அங்கே அவளுடைய வயிற்றில் ஜெல் தடவி வெகுநேரம் பார்த்தார்கள். ஈரலின் தோற்றத்தில் கட்டி எதுவும் இல்லை. பித்தப்பையின் சுவர் தடித்திருந்தது. வழக்கமாக 4 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டிய பித்தக்கான் அந்த விளிம்பிலேயே நின்றது. பித்தக்கானின் அழற்சியாக இருக்கலாம் என்றார்கள். பெரும்பாலான பூனைகளில் பித்தக்கானும் கணையக்கானும் குடலுக்குள் திறக்குமுன் ஒன்றுசேர்வதால், குடல், கணையம், ஈரல் என மூன்றும் ஒருங்கே அழற்சிக்குள்ளாவதும் உண்டாம்.

அங்கே என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை: பூனை பல்லி பிடிக்குமா? பிடிக்கும், விளக்கடியில் பூச்சிக்கு வரும் பல்லியையும், வேலியோரத்து அரணையையும் செம்பி விட்டுவைப்பதில்லை. வெப்பமண்டல நாடுகளில் பூனைகளின் பித்தக்கானில் குடியேறும் பிளாற்றினோசோமம் என்ற தட்டைப்புழு ஒன்று இருக்கிறது. அதன் முட்டை முதலில் நிலத்து நத்தைக்குள்ளும், பிறகு ஈர மண்ணில் வாழும் சிறு பிராணிகளுக்குள்ளும், அவற்றைத் தின்னும் பல்லிக்குள்ளும் போய், கடைசியில் பல்லியைத் தின்னும் பூனைக்குள் வளர்ந்த புழுவாகிறது. பல பூனைகளில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும்; சிலவற்றில் பித்தவழி தடித்து அடைபட்டுவிடும். செம்பியின் மலத்தில் முட்டை தென்படவில்லை. ஆனால் முட்டை தென்படாததால் புழு இல்லை என்று சொல்லிவிட முடியாது. பித்தக்கான் அடைபட்டால் முட்டை மலத்துக்கு வந்து சேராது. ஆகவே பிரசிகுவாண்டல் மருந்தை, வழமையாகப் பூச்சிக்குக் கொடுப்பதைவிடக் கூடிய அளவில், சில நாட்கள் தொடர்ந்து கொடுத்தார்கள். அந்த அளவை இங்கே எழுதாமல் விடுகிறேன். அது பூனையின் எடையைப் பார்த்து வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது. அதனோடு நுண்ணுயிர்க்கொல்லியும், பித்தத்தை இளக்கி ஓடச்செய்யும் அர்சோடிஒக்சிகோலிக் அமிலமும், பி12 ஊசியும் சேர்ந்தன.

ஈரலிலிருந்து சிறு துண்டெடுத்துப் பார்த்தால் அழற்சியின் வகை உறுதியாகும். ஒரு வகைக்கு நுண்ணுயிர்க்கொல்லி, இன்னொரு வகைக்கு ஸ்டீரொயிட். ஆனால் அதற்கு மயக்கம் வேண்டும், முன்னதாக இரத்தம் உறையும் தன்மையைச் சோதித்து விற்றமின் கே கொடுக்கவும் வேண்டியிருக்கும். எடை குறையாமல், நன்றாக உண்டுகொண்டிருக்கும் பூனைக்கு முதலில் மருந்துக்கு வாய்ப்பளித்துப் பார்க்கலாம் என்று டொக்டர்கள் கூறியதை நான் ஏற்றுக்கொண்டேன். அவள் மெலிந்துகொண்டிருந்தால் வேறு முடிவை எடுத்திருப்பேன்.

செலவைப் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையாகாது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாயானது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயானது. ஒரு முழு இரத்தப் பரிசோதனை அந்தச் சம்பளத்தில் பல நாட்களைத் தின்றுவிடும். "பூனைக்குப் போயி இம்புட்டுச் செலவா, தங்கச்சி?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டதில் குத்தல் எதுவும் இல்லை, நான் வீட்டில் இல்லாத பகல்களில் செம்பிக்குச் சோறு வைப்பவரே அவர்தான். என் சம்பளத்தில் என்னால் முடிந்தது, செய்தேன். முடியாதவர்களிடம் நான் சொல்வது வேறு: எல்லாச் சோதனையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. நிலைமை நெருக்கடியானதா, பொறுக்கக்கூடியதா என்றும், இருக்கும் பணத்துக்கு எந்தச் சோதனை சிகிச்சையை மாற்றக்கூடியது என்றும் வைத்தியரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். பூனை உண்ணும்படி பார்த்துக்கொள்வதும், வாரந்தோறும் நிறுப்பதும், பனடோலைத் தொடாமலிருப்பதும் காசில்லாமல் செய்யக்கூடியவை.

மூன்றாவது அறிக்கையில் ஏஎல்டி 148க்கு இறங்கியிருந்தது. ஏஎல்பி எல்லைக்குள் வந்துவிட்டது. அதன் பிறகே பல்லைப் பிடுங்க நாள் குறித்தார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் வெறும் வயிறு வேண்டும் என்பதால், எத்தனை மணிக்கு உணவை எடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். வரிசையில் முதலாவதாக அவளை எடுத்துக்கொள்ளும்படியும் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார்கள். அன்றிரவு டின் மீனைத் தண்ணீரில் அலசி மசித்து வைத்தபோது, தலையைச் சாய்க்காமல் பாதித் தட்டை முடித்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அதே ஆய்வுகூடத்தில் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். அதுவரை மரக்கறிக் கடைத் தராசில் நிறுப்பது தொடர்கிறது. பல்லி பிடிப்பதை மட்டும் என்னால் முற்றாக நிறுத்த முடியவில்லை. இரவில் முற்றத்து விளக்கை அணைத்து, அவளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறோம்.